தேடலின் அளவும் முறையும்

நெய்யாற்றின்கரை ஸ்ரீகிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தினுள் 'அம்மச்சிப் பிலாவு' என்று வழங்கும் பழம்பெரும் பலாமரத்தின் அடிப்பகுதி இன்றும் போற்றிக் காக்கப்படுகிறது. எட்டுவீட்டுப் பிள்ளைமார் துரத்தி வந்த வேளையில், இளவரசராயிருந்த மார்த்தாண்டவர்மர் அம்மரத்தின் பொந்தினுள் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அவரே பின்னர் 1729 முதல் 1758 வரை திருவிதாங்கூரை ஆண்டார். துரத்தி வந்தவர்கள் மரத்தின் அருகே வந்தும் பொந்தினுள் இருந்தவரைக் காணவில்லை என்பதே அக்கதையின் உயிர். கண்ணெதிரே இருந்தும் காணப்படாத ஒன்று. இடமறிந்து நாடுவோர்க்கு மட்டும் புலப்படும் ஒன்று. இக்காலத்தில் உலகெங்கும் மக்கள் விரும்பி மேற்கொள்ளும் ஒரு பொழுதுபோக்கின் அடிப்படையும் இதுவேயாகும். அதற்கு ஜியோகேஷிங் என்று பெயர்.

ஒருவர் ஒரு சிறு பெட்டியை ஏதேனும் ஓரிடத்தில் மறைத்து வைக்கிறார். அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளைப் பிறர் அறியுமாறு வெளியிடுகிறார். மற்றவர்கள் கையில் இருப்பிடங்காட்டும் கருவியுடன் அவ்விடத்தை நாடிச் சென்று, பெட்டியைக் கண்டெடுத்து, உள்ளே இருக்கும் ஏட்டில் தம் பெயரையும் நாளையும் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே இருந்தவாறே வைத்துத் திரும்புகிறார்கள். பெட்டியில் சிறு பொம்மையோ நாணயமோ இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு ஈடாக ஒன்றை வைத்துவிட வேண்டும். பொருளால் வரும் இலாபம் ஏதுமில்லை. புதையல் என்று சொல்லப்பட்டாலும், கடப்பாரைக்கும் மண்வெட்டிக்கும் இங்கே வேலையில்லை என்பதை முதலிலேயே கூறிவிடுகிறோம்.

இப்பொழுதுபோக்கின் பிறப்பு வியப்பானது. இருப்பிடங்காட்டும் அமெரிக்கச் செயற்கைக்கோள்களின் குறிப்பைப் பொதுமக்கள் பெறுங்கால், பாதுகாப்புக் கருதி அதில் வேண்டுமென்றே பிழை கலந்து அனுப்பிவந்தனர். அதனால் 100 மீட்டர் வரை இடம் தவறும். 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அக்கலப்பு நிறுத்தப்பட்டது. ஓரிரவில் கருவிகளின் துல்லியம் ஏறத்தாழப் பத்து மடங்கு உயர்ந்தது. அதைச் சோதித்துப் பார்க்க விரும்பிய டேவ் உல்மர் என்பவர், மே 3-ஆம் நாள் ஆரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் என்னும் ஊரருகே ஒரு கறுப்பு வாளியை மறைத்து வைத்து, அதன் இருப்பிட அளவை வெளியிட்டார். மூன்று நாட்களுக்குள் இருவர் அதைக் கண்டுபிடித்துவிட்டனர். இன்று உலகில் முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட பெட்டிகள் உள்ளன என்பர். இங்கிலாந்தின் டார்ட்மூர் சதுப்பு நிலத்தில் இதற்கொரு மூதாதை உண்டு. அங்கே 1854-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பெரட் என்னும் வழிகாட்டி, வருவோர் தம் பெயர்ச்சீட்டை இட்டுச் செல்லுமாறு தொலைவான குட்டையொன்றின் அருகே ஒரு புட்டியை வைத்தார்.

நேயர்கள் கேட்கலாம்: இதற்கும் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் என்ன தொடர்பு? ஐரோப்பிய நகரங்களில் உள்ளதைப் போலத் தெருவுக்கொரு பெட்டி நம் நாட்டில் இல்லை. எனினும் கைப்பேசி உள்ள ஒவ்வொருவரிடமும் இன்று இருப்பிடங்காட்டும் கருவி உண்டு. நம் நாடே 2013 முதல் தனக்கெனச் செயற்கைக்கோள்களை ஏவி, 'நாவிக்' என்னும் இருப்பிட முறையை அமைத்துக்கொண்டுள்ளது. இளைஞர்கள் இவ்விளையாட்டைப் பற்றிக் கேள்வியுற்று ஊர் ஊராகத் தேடப் புறப்படுங்கால், எத்தனை நாளுக்கொரு முறை செல்வது, எவ்வாறு செல்வது என்னும் இரு வினாக்கள் எழுகின்றன. எல்லைப்புறச் சிற்றூர்களில் இவ்விரு வினாக்களுக்கும் தனி அழுத்தம் உண்டு. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் கருவியின் திறத்தையும் குறையையும் அறிந்துகொள்வோம். பூமியின் வட்டத்தை 360 பாகைகளாகவும், ஒரு பாகையை 60 கலைகளாகவும் பிரிப்பது நம் பஞ்சாங்கக் கணிதரும் அறிந்த முறையே. பாறசாலை ஏறத்தாழ வட அட்சரேகை 8 பாகை 20 கலையிலும், கிழக்குத் தீர்க்கரேகை 77 பாகை 9 கலையிலும் உள்ளது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், இப்பகுதியில் வடக்கு தெற்காக அளந்தாலும் கிழக்கு மேற்காக அளந்தாலும் ஒரு கலை என்பது ஏறக்குறைய 1,840 மீட்டர்தான். பெட்டியின் இருப்பிடத்தைக் கலையின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை எழுதுவார்கள். அஃதாவது இரண்டு மீட்டருக்கும் குறைந்த அளவு. ஆனால் கைப்பேசியோ, திறந்த வானத்தின் கீழ் நின்றாலும் சுமார் 5 மீட்டர் வரை பிழைபடும். தென்னையும் பலாவும் ரப்பர் மரமும் அடர்ந்த தோட்டத்தில் அப்பிழை மேலும் பெருகும். ஆகவே கடைசிப் பத்தடியைக் கண்ணும் மதியுமே நடக்க வேண்டும். கருவி கொண்டுபோய் விடுவது வாயில் வரையில் மட்டுமே.

இனி, தேடுவோரின் இயல்புகளைக் காண்போம். எண்ணிக்கையையே குறிக்கோளாகக் கொண்டவர்கள் ஒரு வகையினர். நாள்தோறும் ஒரு பெட்டியேனும் காண்பதை நோன்பாகக் கொண்டு, ஒரு நாளும் விடாமல் ஆண்டுக்கணக்கில் தொடர்பவர்கள் இவர்களுள் உண்டு. இருவேறு பெட்டிகளுக்கிடையே குறைந்தது 161 மீட்டர் இடைவெளி இருக்க வேண்டுமென்பது விதி. அந்த விதிக்கு அடங்கியே நெடுஞ்சாலையோரம் நூற்றுக்கணக்கான பெட்டிகளை வரிசையாக வைப்பதும், காரில் சென்று ஒரே நாளில் அவற்றை எண்ணித் தீர்ப்பதும் மேலை நாடுகளில் நடைபெறுகின்றன. புதிய பெட்டியின் செய்தி வந்தவுடன், நள்ளிரவானாலும் ஓடிச்சென்று ஏட்டின் முதல் வரியில் பெயர் பொறிக்க விரும்புவோர் மற்றொரு வகையினர்.

வழிப்போக்கர்களாகத் தேடுவோர் பிறிதொரு வகையினர். வேறு அலுவலாக ஓரூருக்குச் சென்றால் அங்கே ஒன்று தேடுவார்கள். இல்லையேல் மாதக்கணக்கில் நினைக்கவும் மாட்டார்கள். புதிர் விரும்பிகளோ, பல நாள் வீட்டிலிருந்து விடுகதையை அவிழ்த்து, இடத்தைக் கணக்கிட்டு, ஒரே ஒரு முறை புறப்பட்டுச் செல்வர். பிள்ளைகளுக்காகச் செல்லும் பெற்றோரும் இருக்கிறார்கள்; அவர்களுக்குப் பிள்ளையின் காலே அளவுகோல். தேடுவதைவிட மறைத்து வைப்பதிலும், வைத்ததை மழைக்குப் பின் சென்று துடைத்துப் புதுப்பிப்பதிலும் இன்பம் காண்போரும் உளர். இவர்களுடைய தொண்டினால்தான் மற்றவர்களின் விளையாட்டு நடைபெறுகிறது.

இவற்றுள் எதுவும் தவறன்று. ஆயினும் ஒருவருக்குப் பொருந்தியது எல்லா ஊருக்கும் பொருந்திவிடாது. மனிதர் நடமாட்டமில்லாத பாலைநிலச் சாலையில் நாளொன்றுக்கு நூறு பெட்டி தேடுவோனால் யாருக்கும் இடையூறு இல்லை. வீட்டை அடுத்து வீடும், விளையை அடுத்து விளையுமாக நெருங்கிய எல்லைப்புறத்தில் அவ்வாறு திரிந்தால் என்னவாகும் என்பதை நம் அனுபவத்திலேயே கண்டோம்.

தொடக்கத்தில் நாமும் எண்ணிக்கையை மதித்தவர்களே. பெட்டிகள் இல்லாத குறையைத் தீர்க்க, இப்பகுதியில் நாமே சில இடங்களைக் குறித்துக்கொண்டு, கருவியால் அவற்றைத் தேடிக் காண்பதென்று தொடங்கினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அமரவிளையில் புறப்பட்டு, உதியன்குளங்கரை, பாறசாலை, இஞ்சிவிளை வழியாகக் கடற்கரை வரையில் ஆறு இடங்களை ஒரே நாளில் முடிப்பதாகத் திட்டம். நான்காவது இடம் ஓர் ஒற்றையடிப் பாதையின் வளைவிலிருந்த சுமைதாங்கிக் கல். தலைச்சுமையோடு சந்தைக்கு நடந்தவர்கள், பிறர் துணையின்றிச் சுமையை இறக்கி இளைப்பாறுவதற்காக நிறுத்திய கல் அது. நாம் கைப்பேசியைப் பார்ப்பதும், பத்தடி முன்னும் பின்னும் நடப்பதும், வேலியை எட்டிப் பார்ப்பதுமாக இருந்ததை ஒரு மூதாட்டி நெடுநேரம் கவனித்திருக்க வேண்டும். "என்ன மக்களே தேடுதிய?" என்று கேட்டார். நேரம் போகிறதே என்ற அவசரத்தில், "ஒண்ணுமில்ல பாட்டி" என்று சொல்லிவிட்டு நடந்தோம்.

அன்று மாலை கணக்குப் பார்த்தபோது ஆறு இடங்களும் முடிந்திருந்தன. ஆனால் ஆறில் ஒன்றைப் பற்றியும் மூன்று வரி எழுத நம்மால் இயலவில்லை. அதைவிட, 'ஒன்றுமில்லை' என்று சொன்ன சொல் மனத்தை உறுத்தியது. தம் வேலியோரம் அந்நியர் எதையோ தேடிவிட்டு, கேட்டால் மழுப்பிச் செல்வது எவருக்கும் ஐயத்தையே தரும். மறுவாரம் அதே பாதையில் நாம் மீண்டும் சென்றால் அம்மூதாட்டி நம்மை எவ்வாறு நோக்குவார்? இந்த வினாவிலிருந்தே நமது அளவுகோல் பிறந்தது. தேடிச் சென்ற ஊருக்கு மறுமுறை தலைநிமிர்ந்து செல்ல முடியுமாயின் நாம் சென்ற முறை சரி. முடியாதாயின், எத்தனை பெட்டி கண்டாலும் தவறு.

மறு ஞாயிறு அவ்விடத்துக்கே திரும்பச் சென்றோம். மூதாட்டியிடம் கருவியைக் காட்டி, பழைய கற்களையும் பாதைகளையும் தேடிக் குறிக்கிறோம் என்று உள்ளதைச் சொன்னோம். அவர் முகம் மாறியது. அக்கல்லின் மேல் தம் தாயார் மரச்சீனிக் கூடையை இறக்கி வைத்த கதையையும், பாதை அந்நாளில் எங்கே சென்றது என்பதையும் அரைமணி நேரம் சொன்னார். பாதி தமிழ், பாதி மலையாளம். எந்தப் பெட்டியிலும் கிடைக்காத பொருள் அன்று நமக்குக் கிடைத்தது. அது முதல் ஒரு நாளில் இரண்டு இடங்களுக்கு மேல் செல்வதில்லை. பதினைந்து நாட்களுக்கு ஒரு முறைக்கு மேல் புறப்படுவதுமில்லை.

பதினைந்து நாள் என்பதற்குக் காரணம் உண்டு. முதல் வாரத்தில் கண்டதை எழுதி, கேட்டதைச் சரிபார்த்து, படத்தில் இடத்தைத் திருத்திக்கொள்கிறோம். மறுவாரத்தில் அடுத்த இடத்தைப் பற்றிப் படித்து, அது எவருடைய நிலம், எவரிடம் கேட்க வேண்டும் என்று விசாரிக்கிறோம். இவ்விரண்டுக்கும் இடம் கொடாமல் வாரந்தோறும் ஓடினால் கால்கள் மட்டுமே நடக்கும். இது நமக்குப் பொருந்திய அளவு. ஓய்வுபெற்ற ஒருவர் அடிக்கடி செல்லலாம். தேர்வுக்குப் படிக்கும் மாணவன் பருவத்துக்கொரு முறை சென்றால் போதும். ஆனால் எழுதி முடியாத பழைய இடம் ஒன்று கையிலிருக்கும்போது புதிய இடத்துக்குப் புறப்படாதிருத்தல் எல்லோருக்கும் நன்மை தரும்.

மழையும் நம் நடையை வகுக்கிறது. இடவப்பாதி என்று இங்குள்ளோர் கூறும் தென்மேற்குப் பருவமழை ஜூன் மாதத்தில் தொடங்குகிறது. துலா மாதத்து மழை அக்டோபர், நவம்பர் மாதங்களில் வருகிறது. இரு பருவத்திலும் நனையும் நிலம் இது. துலா மழையிலும் கோடை மழையிலும் பிற்பகல் இடி மின்னல் மிகுதி. ஆகவே அக்காலத்தில் தேடலை நண்பகலுக்கு முன் முடித்துவிட வேண்டும். நீர் தேங்கிய வயலிலும் ஓடையிலும் காலில் புண்ணோடு இறங்குவோர்க்கு எலிக்காய்ச்சல் பற்றும் அபாயம் உண்டு. பொந்திலும் கற்குவியலிலும் வெறுங்கையை நுழைத்தல் கூடாது. பாம்புக்கும் அதுவே வீடு. முதலில் ஒரு கோலால் தட்டி, விளக்கின் ஒளியால் பார்த்த பின்னரே கை செல்ல வேண்டும். 2018-ஆம் ஆண்டு செக் நாட்டுப் பிராகா நகரில், நிலத்தடி நீர்க்கால்வாயினுள் பெட்டி தேடச் சென்றவர்கள் திடீர் மழைவெள்ளத்தில் சிக்கி உயிரிழப்பு நேர்ந்ததை இங்கே நினைவுகூரலாம். எந்தப் பெட்டியும் ஓர் உயிருக்கு ஈடாகாது.

எல்லைப்புறத்தில் இதனினும் நுண்ணிய அபாயம் ஒன்றுண்டு. அது ஐயம். 2011-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வெதர்பி என்னும் ஊரில், உணவுக் கடையொன்றின் வெளியே வைத்திருந்த சிறு பெட்டியை வெடிகுண்டோ என்று ஐயுற்று, தெருவை அடைத்து, படையினர் அதை வெடித்துத் தகர்த்தனர். அங்கே இருந்தது ஒரு தேடற்பெட்டிதான். நம் களியக்காவிளையிலோ, 2020 ஜனவரி 8-ஆம் நாள் இரவு சோதனைச் சாவடியில் பணியிலிருந்த தமிழ்நாட்டுக் காவல் அதிகாரி ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அத்தகைய துயரத்தைக் கண்ட ஊரில், மூடிய டப்பா ஒன்றைப் பாலத்தின் அடியிலோ, பேருந்து நிலையத்திலோ, ரயில் பாதையருகிலோ ஒளித்து வைப்பது விளையாட்டாகாது. சாவடிகளையும் பாலங்களையும் அணைகளையும் வழிபாட்டிடங்களையும் பள்ளிகளையும் மறைவிடமாகக் கொள்ளாதிருத்தல் முதல் விதி. செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவிகளை அனுமதியின்றி வைத்திருத்தல் நம் நாட்டில் குற்றம் என்பதையும் வெளிநாட்டிலிருந்து வருவோர்க்கு எடுத்துக்கூற வேண்டும். இருப்பிடத்தை மட்டும் காட்டும் சாதாரணக் கைப்பேசிக்கு அத்தடை இல்லை.

அப்படியாயின் பெட்டியே வேண்டாமா என்று கேட்கலாம். வைக்கலாம், நிலத்துக்குரியவரிடம் கேட்டு, அவர் கண்காணிக்க இசைந்த இடத்தில், உள்ளே இருப்பது வெளியே தெரியும் ஒளிபுகும் டப்பாவில், தமிழிலும் மலையாளத்திலும் இது இன்னதென்று எழுதிய சீட்டோடு வைக்கலாம். தேநீர்க் கடைக்காரர் ஒருவரின் அலமாரியே இப்பகுதிக்கு ஏற்ற மறைவிடம் என்பது நம் கருத்து. மண்ணைத் தோண்டிப் புதைத்தலும், மரத்தில் ஆணி அடித்தலும் இவ்விளையாட்டின் பொது விதிகளுக்கே மாறானவை. புதையல் என்ற சொல்லைக் கேட்டுப் பழைய கோயிலையும் கல்லறையையும் தோண்ட முனைவோர் எங்கும் உள்ளமையால், நாம் அச்சொல்லையே ஊராரிடம் பயன்படுத்துவதில்லை.

பெட்டியே இல்லாத தேடலும் உண்டு. 2004-ஆம் ஆண்டு முதல், நிலவியல் சிறப்புடைய இடங்களைக் குறித்து, அங்கே சென்று பார்த்தால் மட்டும் விடை கூறத்தக்க வினாக்களை வெளியிடும் முறை வழக்கில் உள்ளது. விடையே அங்கே கையொப்பம். நமது எல்லைப்புறத்துக்கு இதுவே மிகப் பொருத்தம் என்று கருதுகிறோம். எடுத்துக்காட்டாக, நெய்யாறு கடலைச் சேரும் பூவாற்றை நோக்குவோம். அகத்தியமலைப் பகுதியில் தோன்றி வரும் ஆறு, கடற்கரை மணலால் தடுக்கப்படுகிறது. வேனிலில் அலைகள் மணலை ஒதுக்கி ஆற்றின் வாயை அடைக்க முயல்கின்றன. மழைக்காலத்தில் வெள்ளம் அம்மணல் திட்டை உடைத்துக்கொண்டு கடலுள் பாய்கிறது. அவ்வாயைப் 'பொழி' என்பர். அருகேயுள்ள பொழியூரின் பெயரிலும் அச்சொல் நிற்கிறது. பிப்ரவரியில் ஒரு முறையும் ஜூலையில் ஒரு முறையும் ஒரே இடத்தில் நின்று கருவியைப் பார்த்தால், நேற்று மணலாயிருந்த இடம் இன்று நீராயிருப்பதை எண்ணாலேயே அறியலாம். ஓரிடத்துக்கு இருமுறை செல்லுதல் வீணன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பொழியின் நீரோட்டம் கொடியது; கரையில் நின்று காண்பதோடு அமைய வேண்டும்.

மற்றோர் எடுத்துக்காட்டு, எல்லையே. சாலையில் செல்வோர்க்கு இஞ்சிவிளை முடிந்து களியக்காவிளை தொடங்குவது கடைப் பலகைகளின் எழுத்து மாறுவதால் மட்டுமே தெரிகிறது. கருவியின் படத்திலோ அது ஒரு கோடு. அக்கோடு 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது விழுந்தது. விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. நெய்யாற்றின்கரையையும் சேர்க்க வேண்டுமென்ற கோரிக்கை அந்நாளில் இருந்தது. 1954 ஆகஸ்டு 11-ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. அத்துணைத் துன்பத்துக்குப் பின் வகுக்கப்பட்ட கோட்டின் இருபுறத்திலும் இன்றும் ஊர்ப்பெயர்கள் 'விளை' என்றே முடிகின்றன. விளை என்பது தோட்ட நிலம். கோடு பெயரைப் பிரிக்கவில்லை, உறவையும் பிரிக்கவில்லை. கோட்டின் இருபுறத்துப் பெயர்களைத் தேடிக் குறிப்பது ஓராண்டுக்குப் போதுமான தேடல். அளவைக் கற்களையும் எல்லைக் கற்களையும் தொடவோ, பெயர்த்துப் பார்க்கவோ கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது, கால்வாய். 1958-ஆம் ஆண்டில் முடிந்த நெய்யாறு அணையிலிருந்து இடதுகரைக் கால்வாய் வழியே விளவங்கோட்டு வயல்களுக்கும் நீர் வந்தது. 2004-ஆம் ஆண்டு எல்லைக்கு அப்பால் நீர் விடுவது நின்றது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. அக்கால்வாயின் போக்கைப் படத்தில் வைத்து, சாலை அதைக் கடக்கும் இடங்களை ஒவ்வொன்றாகத் தேடி, எங்கே நீர் உண்டு, எங்கே புல் மண்டியுள்ளது என்று குறித்தால், செய்தித்தாளில் படிக்கும் வழக்கு நம் காலடியில் விளங்கும். ஆனால் கால்வாயோரத்து உழவரிடம் பேசுங்கால் எவர் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கூறப் புறப்படலாகாது. நாம் கேட்கச் சென்றவர்கள்.

செல்லும் முறையைச் சுருக்கமாகக் கூறுவோம். இருவர் அல்லது மூவர் செல்லுதல் நன்று. தனியே திரிபவனை ஊர் ஐயுறும், கூட்டமாக வருபவரை ஊர் அஞ்சும். பெண்களும் பிள்ளைகளும் உடன் வந்தால் பேச்சு எளிதாகிறது. விடியற்காலையில் ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டும் வேலை நடைபெறும். அவ்வேளையில் தோட்டத்துள் நுழைந்து வேலை செய்வோரைத் திடுக்கிடச் செய்தல் தகாது. ஞாயிறு காலை தேவாலயத்தருகும், வெள்ளி நண்பகல் பள்ளிவாசலருகும், திருவிழா நாளில் கோயிலருகும் கருவியோடு சுற்றாதிருத்தல் மரியாதை. ஊருள் நுழைந்ததும் முதலில் ஒரு கடையில் அமர்ந்து, வந்த காரியத்தைச் சொல்லி, பின் தேடத் தொடங்க வேண்டும். ஒரு பை கொண்டுசென்று, வழியில் கிடக்கும் பிளாஸ்டிக் குப்பையைப் பொறுக்கி வருதல் உலகெங்கும் உள்ள நல்ல தேடுவோரின் வழக்கம். அதை ஊரார் காண்கிறார்கள்.

கண்டதைப் பதிவதிலும் அளவு வேண்டும். எல்லா இடத்தையும் எல்லோருக்கும் வெளியிடுதல் அறிவாகாது. சுமைதாங்கிக் கல்லின் இருப்பிடத்தை வெளியிடலாமா என்று நாம் அம்மூதாட்டியிடமே கேட்டோம். கூட்டமாக வந்து வேலியை மிதிக்காதிருந்தால் சரி என்றார். ஆகவே அதன் எண்ணை நாம் எங்கும் வெளியிடவில்லை. கேட்டு வருவோரை நேரில் அழைத்துச் செல்கிறோம். அவ்வாறு வந்தவர் மிகச் சிலரே. எனினும் அவருள் ஒவ்வொருவருக்கும் அம்மூதாட்டி அக்கதையைச் சொல்லியிருக்கிறார்.

ஒரு மரப்பொந்து தன்னுள் ஒளிந்தவரைக் காட்டிக் கொடுக்காததால் இந்நாட்டில் ஒரு வரலாறு தொடர்ந்தது. ஓர் ஊரும் அவ்வாறே. அவசரமாக வந்து துழாவுவோர்க்குத் தன்னைக் காட்டாது. பதினைந்து நாட்களுக்கொரு முறையோ, மாதத்துக்கொரு முறையோ, அவரவர்க்கு இயன்ற அளவில் செல்வோமாக. செல்லுமுன், சென்ற முறை நாம் கால்வைத்த ஊர் இன்னும் நம்மை முகமலர்ந்து வரவேற்குமா என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்போமாக. வரவேற்குமென்று மனம் துணிந்து கூறினால், கருவியை எடுத்துக்கொண்டு புறப்படலாம்.